தோப்பைக் குடு

கடைவாயில் வழிந்த கஞ்சியைப் பிறேமா துவாயால் ஒற்றியெடுக்கும்போதே அந்தோனிப்பிள்ளை கரண்டியைத் தட்டிவிட்டார். இரண்டாவது பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வேலை செய்த கை அது ஒன்றுதான். அதில் இன்னும் இவ்வளவு பலம் இருக்குமென்று மகள் எதிர்பார்க்கவில்லை. கஞ்சி போர்வையெல்லாம் கொட்டியது.

“தோப்பு…” என்றார். நாக்குத் தடித்துப்போயிருந்தது. “கஞ்சி… கனக்க வேண்டாம்.”

“கஞ்சி வேண்டாமாம். யோகட் கிடக்குது, எடுத்துக்கொண்டு வாறன்,” என்று பேர்பெச்சுவா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். புருசனுக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதைக் கலியாண நாளிலிருந்து அவள்தான் தீர்மானித்து வந்திருக்கிறாள். சாகக் கிடக்கிறார் என்பதற்காக அதை விட்டுவிடுவாளா?

ஜன்னலடியில் போனும் கையுமாக நின்ற மகன் ஜூலியன் தலையை ஆட்டினான். “அதில்லை அம்மா. அப்பா காலமையிலையிருந்து தோப்பைப் பற்றித்தான் சொல்லுறார். பளையில கிடக்கிற தென்னந்தோப்பு. குடு, குடு எண்டு வேற சொல்லுறார். சித்தப்பாவுக்குக் குடுக்கச் சொல்லுறார் போல கிடக்கு.”

“சித்தப்பாவுக்கோ? அது என்ரை சீதனக் காணி. குடுக்கிறதுக்கு இவர் ஆர்?” என்று வெடுக்கென்று கேட்டவள், கட்டிலில் கிடந்த முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனாள். “சரியப்பா, குடுப்பம். நீங்கள் ஒண்டையும் யோசியாதேங்கோ.”

அந்தோனிப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். கோபம் வந்தால் அப்படித்தான் மூடுவார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, மற்ற இருவரையும் விட்டுவிட்டுப் பிறேமாவை மட்டும் பார்த்தார்.

“தோப்பைக் குடு பிள்ளை.”

“ஓம் அப்பா,” என்றாள் அவள், ஒன்றும் விளங்காமலே. அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. பின்னேரம் தாதி வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாள். ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில் அன்று முழுக்க மழை.

மறுநாள் மலர்ச்சாலையிலிருந்து அழைத்து, பிரேதத்துக்கு உடுப்புக் கொண்டுவரச் சொன்னார்கள். ஜூலியனின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டுச் சூட்டை எடு என்றாள் தாய். அதை எடுக்கத்தான் பிறேமா அலுமாரியைத் திறந்தாள். சூட்டுக்குப் பின்னால், பழைய படுக்கைவிரிப்பொன்றால் சுற்றி, வெள்ளையாக ஒன்று தொங்கியது. கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே நீளமான அங்கி. தோய்த்துக் காய்ந்திருந்தது. இன்னும் அயன் பிடித்து மினுக்கியிருக்கவில்லை.

தோப்பு! அரபு நாட்டு ஆம்பிளைகள் உடுப்பது. அவர்கள் தோப் என்பார்கள். அந்தோனிப்பிள்ளை ஜேர்மனிக்கு வருவதற்கு முன் சவூதியில், தமாம் நகரத்துச் சலவைக்கடையொன்றில் நான்கு வருசம் இதைத்தான் தோய்த்தார், இதைத்தான் மினுக்கினார். அங்கே வேலை பார்த்த தமிழர் அத்தனை பேருடைய வாயிலும் அது தோப்பாகிவிட்டது. கஞ்சி என்று அவர் சொன்னது குடிக்கிற கஞ்சியே இல்லை. கழுத்துப் பட்டிக்குப் போடுகிற கஞ்சி. மனிசன் உடுப்புக்குக் கஞ்சி கனக்கப் போடாதே என்று சொல்ல, இவர்கள் யோகட் தீத்தப் பார்த்திருக்கிறார்கள்.

அவள் அலுமாரிக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியதென்று அவளுக்கே தெரியவில்லை.

“அப்பா காணியைக் கேக்கேல்லை,” என்று அங்கியோடு வந்து நின்றாள். “இதைத்தான் கேட்டவர். இதை உடுத்துவிடச் சொல்லித்தான் குடு, குடு எண்டவர். நீங்கள் ரெண்டு பேரும் அந்த மனிசனைக் கடைசி நேரத்தில காணி உறுதி எழுத வைக்கப் பாத்தியள்.”

பேர்பெச்சுவா துணியை விரலால் தடவினாள். “சவூதியால கொண்டுவந்ததோ? நான் காணேல்லையே. நீளமாயும் கிடக்கு.”

“மனிசன் தேய்ஞ்சு அரைவாசியாப் போனார். நீளமாய்த்தானே இருக்கும்.”

எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. குடும்பத்தில் தான்தான் கெட்டிக்காரி என்ற எண்ணம் பிறேமாவுக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு, அன்று அது உச்சிக்கு ஏறிவிட்டது. கழுத்துப் பட்டிக்கு மட்டும் மெல்லிய கஞ்சி தெளித்தாள். ஈரம் முற்றாகக் காயுமுன், அப்பா செய்கிற மாதிரியே, துணியை உட்புறம் வெளியே வரத் திருப்பி மினுக்கினாள். கையின் மடிப்பு, நெஞ்சுப் பட்டி, பொத்தான்களுக்கு நடுவே இருந்த சின்னச் சின்ன இடங்கள் என்று ஒன்றையும் விடவில்லை. அப்பாவுக்கு ஆசையாகச் செய்த கடைசி வேலை அது. மலர்ச்சாலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும்போது, அவர் போன பிறகு முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது.

அடக்கத்துக்கு முதல்நாள் பின்னேரம் யஹ்யா வந்தார். அதே கட்டடத்தில் மேல்மாடியில் தனியாக இருக்கிற யெமன்காரர். நிலக்கீழ்ச் சலவையறையில் அந்தோனிப்பிள்ளையும் அவரும் அரைகுறை அரபியிலும் முறிந்த ஜேர்மனிலும் மணிக்கணக்காகக் கதைப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என்ன கதைத்தார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. பேர்பெச்சுவாவால் முழங்கால் நோவோடு படியிறங்க ஏலாது. பிறேமா நகரத்தின் மறு கோடியில் இருந்தாள்.

பேரீச்சம்பழப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அவர் கதிரை நுனியில் இருந்தார். தேத்தண்ணி ஆறியது. பிறகு ஜேர்மனில், பிறேமாவிடம் மெல்லக் கேட்டார்.

“இப்போது கேட்பது சரியில்லை. மன்னித்துக்கொள். என் மகனின் தோப் உன் அப்பாவிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.”

“மகனுடையதோ?” என்றாள் பிறேமா.

“அய்மன். கலியாணத்துக்கென்று தைத்தது. என்னிடம் வருவதற்காகப் படகேறினான். படகு வரவில்லை. அவனும் கிடைக்கவில்லை. பையை மட்டும் முன்னமே ஒரு சிநேகிதனிடம் கொடுத்துவிட்டிருந்தான். இத்தனை வருசத்தில் துணி பழுத்துப்போயிற்று. நான் மெஷினில் போட்டால் கெட்டுவிடும் என்று அந்தோன்தான் வாங்கிக்கொண்டு போனார்.”

தோப்பைக் குடு பிள்ளை. ஆருக்கு என்று அவர் சொல்லவில்லை. சொல்ல நாக்கு விடவில்லை. இவளும் கேட்கவில்லை, ஓம் என்றாள். கெட்டிக்காரியல்லவா.

“அது…” என்றாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். “அது அப்பாவுடையது என்று நினைத்து, அவருக்கு உடுத்திவிட்டிருக்கிறோம்.”

யஹ்யா சுவரைப் பார்த்தார்.

“நாளைக்குக் கழற்றி, தோய்த்துக் கொண்டுவந்து தருவேன். சத்தியமாய்.”

“சரி,” என்றார் அவர். எழுந்துபோய்ச் சப்பாத்துக்குள் காலை விட்டார். கதவைத் திறப்பதற்கு அவருக்குப் பிடி அகப்படவில்லை. ஜூலியன்தான் போய்த் திறந்துவிட்டான்.

“ஒரு உடுப்புத்தானே அக்கா,” என்றான் திரும்பி வந்து. “இதே மாதிரிப் புதுசா ஒண்டு எடுத்துக் குடுப்பம்.”

“வாயை மூடு,” என்றாள் பிறேமா.

விடிந்ததும் கோட்டுச் சூட்டை எடுத்துக்கொண்டு மலர்ச்சாலைக்கு ஓடினாள். அங்கேயிருந்த பெண்மணி நல்லவள். உடுப்பு மாற்றுவதற்கு இன்னும் நேரமிருக்கிறது, பரவாயில்லை என்று உள்ளே அழைத்துப் போனாள். “ஆனால் இதைத் திரும்பவும் பாவிக்கலாம் என்று நினைக்கிறீர்களா?” என்று கேட்டாள்.

“ஏன்?”

அந்தப் பெண் பிரேதத்தின் தோளை மெல்லத் திருப்பிக் காட்டினாள். கழுத்துப் பட்டியில் தொடங்கி அடிக்கரை வரை தோப்பு பின்பக்கமாக நேராக வெட்டப்பட்டிருந்தது. விளிம்பு இரண்டும் உடம்புக்குக் கீழே செருகியிருந்தன.

“விறைத்த கையை வேறு விதமாக நுழைக்க முடியாது. எல்லோருக்கும் இப்படித்தான் செய்கிறோம். முன்னாலிருந்து பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது.”

உண்மைதான், தெரியவில்லை. முன்பக்கம் அவள் மினுக்கிய மாதிரியே ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. அப்பாவின் விரல்களுக்கிடையில் செபமாலை. பிறேமா சூட்டை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள். முதுகில் இரண்டாக வெட்டுண்ட துணியைக் கொண்டுபோய் எந்த முகத்தோடு நீட்டுவது? தைத்துக் கொடுக்கலாம். நடு முதுகில் தையல் போட்ட கலியாண உடுப்பு. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. யஹ்யாவுக்கு ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லியிருக்கலாம். போனை வெளியே எடுத்தாள், திரும்பவும் பைக்குள் போட்டாள். பயம்தான், வேறொன்றுமில்லை.

“இருக்கட்டும்,” என்றாள் அந்தப் பெண்ணிடம். “மாத்த வேண்டாம்.”

மயானத்துச் சிற்றாலயத்தில் வாங்குகளில் இருக்க இடமில்லாமல் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சொந்த ஊரான இளவாலையைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பாதர் செபத்தை முடித்தார். கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றார்கள். பேர்பெச்சுவா முத்தம் கொடுத்தாள். ஜூலியன் நெற்றியைத் தொட்டான். ஆட்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைச் சுற்றி வந்து போனபின், கடைசி வாங்கிலிருந்து யஹ்யா எழுந்து வந்தார். உடுப்புக் கொண்டுபோகிற நீளமான உறையொன்றை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார்.

பெட்டியின் தலைமாட்டில் நின்ற பிறேமா நகரவில்லை.

அவர் முதலில் முகத்தைப் பார்த்தார். பிறகு தோப்பைப் பார்த்தார். மேலிருந்து கீழே, பொத்தான் பொத்தானாக. துணியில் பழுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. அந்தோனிப்பிள்ளை அவ்வளவையும் எடுத்திருந்தார்.

“வெள்ளையாகிவிட்டது,” என்றார் ஜேர்மனில்.

கழுத்துப் பட்டி ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற தகப்பன் செய்வதுபோல அவர் குனிந்து அதை வெளியே எடுத்துவிட்டார். அதை நேராக்கப் பின்னங்கழுத்துக்குக் கீழே கையை விட்டார். கை அங்கேயே நின்றுவிட்டது. விரல்கள் கீழே இறங்குவதும், துணி இருக்க வேண்டிய இடத்தில் குளிர்ந்த தோலைத் தொடுவதும், இன்னும் கீழே போய்ப் பார்ப்பதும் அவர் தோளின் அசைவில் பிறேமாவுக்குத் தெரிந்தது.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“வெட்டிப்போட்டினம்,” என்று தமிழில் சொல்லிவிட்டாள். பிறகுதான் ஜேர்மன் வந்தது. “வெட்டியிருக்கிறார்கள். எனக்குக் காலையில்தான் தெரியும். உங்களுக்குச் சொல்லப் பயந்துவிட்டேன்.”

யஹ்யாவின் கக்கத்திலிருந்த உறை நழுவி நிலத்தில் விழுந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. மற்றக் கையையும் உள்ளே விட்டார். இரண்டு உள்ளங்கைகளிலும் அந்தத் தலையை ஏந்திக்கொண்டு, கண்ணை மூடி, உதடு அசைய மெல்லிய குரலில் எதையோ சொல்லத் தொடங்கினார். அரபு. அதற்குள் அய்மன் என்ற பெயர் மட்டும் பிறேமாவுக்கு விளங்கியது.

“என்ன செய்யிறார் அவர்?” என்று முன் வாங்கிலிருந்து பேர்பெச்சுவா கேட்டாள்.

“ஒண்டுமில்லை அம்மா.”

மலர்ச்சாலை ஆட்கள் இரண்டு பேர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த அடக்கத்துக்கு வெளியே ஆட்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். பாதர் மெல்லத் தொண்டையைச் செருமினார். யஹ்யா கையை எடுக்கவில்லை. உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

பிறேமா மூடியின் விளிம்பைப் பிடித்து, இரண்டு பேரையும் அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தாள்.