ஸ்டுடியோ கதவு

சென்னையில அறுபது வருசமா சினிமாப் பாட்டு பதிஞ்ச ஸ்டுடியோவை இடிச்சுட்டு ஃபிளாட் கட்டுதாவ. அங்கன இருந்த சத்தம் புகாத கதவையும் சுவர்ப் பலகையையும், கதவுக்கு மேல இருந்த சிவப்பு பல்போட எங்க வீட்டுக்காரவுக கோவில்பட்டிக்குக் கொண்டாந்து படுக்கையறையில மாட்டினாவ. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ரேடியோ செட்டு ஸ்பீக்கர் அலறினாலும் தூங்கணுமாம்.

"பல்பு எரிஞ்சா பெரிய பாடகர்களே வெளிய காத்துக் கெடந்தாவளாம். நீயும் திறக்கக் கூடாது"ன்னு எனக்கு உத்தரவு.

கொடையன்னைக்கு மத்தியானம் பல்பைப் போட்டுட்டுப் படுத்தாவ. பத்து வருசமா சண்டை போட்டுக் கேட்ட முதல் மரியாதைக்கு இந்தத் தடவை இவிய பேரைத்தான் மைக்கில மூணு தரம் கூப்பிட்டாவ. ஆளைக் காணோம்னு பரிவட்டத்தைப் பங்காளி தலையில கட்டிட்டாவ.

சாயங்காலம் எந்திரிச்சு, சேதி தெரிஞ்சு குதிச்சாவ. "ஏட்டி, உனக்குக் கேக்கலையா?"

"மூணு தரமும் கேட்டுது. பல்பு எரிஞ்சுதுல்லா!"