பறக்கக் கொடுத்த பணம்

ஒவ்வொரு வருஷமும் நேர்காணலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவேன். வாய்விட்டுச் சொல்வதில்லை, மனசுக்குள்தான். நெட்டைக்கால், சோடாபுட்டி, சிடுமூஞ்சி என்று. நிஜப் பெயரைச் சொல்லிப் பழகினால் பாசம் ஒட்டிக்கொள்ளும். எனக்கு எதுவும் ஒட்டாமல் இருந்தால் தேவலை.

இந்த வருஷம் தேர்வானவள் பெயர் கொட்டாவி. பதினேழு வயசு. விமானப் பயிற்சிக் கழகத்தின் சின்ன அறையில் செயலாளரும் நானும் என் கணவரும் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். எதிரே உட்கார்ந்துகொண்டு கேள்விக்குக் கேள்வி கொட்டாவி விட்டாள். செயலாளருக்கு முகம் கறுத்துவிட்டது. என் கணவர்தான், "பரவாயில்ல சார், ராத்திரி பூரா கண்முழிச்சுப் படிச்சிருக்கும்" என்று பரிந்து பேசினார். ஆனால் பதில் மட்டும் டாண் டாண் என்று வந்தது. அவளையே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். சரி என்றேன். யாரைக் காட்டிக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

உதவித்தொகை என் மகன் பெயரில். அவனும் இந்தக் கழகத்தில்தான் பறக்கக் கற்றுக்கொண்டான். ஒருநாள் தனியாகப் பறந்துவிட்டுத் திரும்பி இறங்கும்போது ஓடுபாதைக்கு முன்னாலேயே விமானம் விழுந்துவிட்டது. காற்று என்றார்கள். படம் போட்டெல்லாம் விளக்கினார்கள். காப்பீட்டுப் பணம் வந்தது. அதைத் தொட எங்கள் இரண்டு பேருக்கும் கை வரவில்லை. அப்போதுதான் செயலாளர் வீட்டுக்கு வந்து, வசதியில்லாத பிள்ளைகள் பறக்கக் கற்றுக்கொள்ள இந்தப் பணத்தில் வருஷம் ஒருவருக்கு உதவலாமே என்றார். அது ஆகிறது ஐந்து வருஷம்.

இந்த ஐந்து வருஷமாக எனக்கு அழுகையும் வருவதில்லை, சிரிப்பும் வருவதில்லை. வைத்த இடத்தில் கிடக்கும் நாற்காலி மாதிரி இருக்கிறேன். வேலை கண்ணாடிக் கடையில். சீட்டில் எழுதியிருக்கும் பவரைப் பார்த்து, ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸின் விளிம்பை மெஷினில் தேய்த்து மாட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு மனசு வேண்டாம், விரல் போதும். முதலாளிக்கு என்மேல் தனி மரியாதை. வெட்டிப்பேச்சு பேசாத ஆளாம்.

என் கணவர் பஸ் பணிமனையில் பிரேக் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமைகூட ஓவர்டைம் என்று கிளம்பிவிடுவார். இந்த உதவித்தொகைதான் அவருக்கு உயிர் என்று நினைத்திருந்தேன். பெற்ற பிள்ளையை வாரிக்கொண்டு போன வானத்துக்கு ஊரார் பிள்ளைகளையும் காசு கொடுத்து அனுப்புகிற மனுஷனிடம் என்னத்தைப் பேசுவது? உப்பு போதுமா, விளக்கை அணைக்கட்டுமா, இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு கிடையாது.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் கொட்டாவி கடைக்கு வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. மெஷின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, மாட்டி வைத்திருந்த ஃபிரேம்களை எல்லாம் வரிசையாகத் தொட்டுப் பார்த்தாள்.

"கண்ணுல என்ன?" என்றேன்.

"கண்ணுல ஒண்ணுமில்ல ஆன்ட்டி." வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கொட்டாவி. "நாளன்னைக்கு என்னைத் தனியா பறக்கச் சொல்லியிருக்காங்க."

"நல்லது."

"நல்லது இல்ல ஆன்ட்டி. எனக்கு பயமா இருக்கு. பயந்தா எனக்கு இப்படித்தான் கொட்டாவியா வரும். மொதல்ல ஆசைப்பட்டது நெஜம். மேல போய்ப் பாத்தப்புறம்தான் இது எனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுது. சொல்லிக்குடுக்கிற சார் பக்கத்துல உக்காந்திருக்கிறப்பவே பயம் போக மாட்டேங்குது."

"அதை அந்த சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே."

"அவர்கிட்ட சொல்லிடுவேன். அங்கிள்கிட்ட எப்படிச் சொல்றது? ஞாயித்துக்கிழமை தவறாம வந்து வேலிக்கிட்ட நிக்கிறாரு. நான் எறங்கி, இன்ஜின் நிக்கிற வரைக்கும் நகர மாட்டாரு. அவர் மூஞ்சியப் பாத்தா எனக்கு வார்த்தையே வர மாட்டேங்குது."

ஓவர்டைமாவது மண்ணாவது! கையிலிருந்த லென்ஸ் மெஷினில் கோணலாகப் பட்டு விளிம்பு பெயர்ந்துவிட்டது. நான் லென்ஸைக் கெடுக்கிற ஆள் இல்லை. ஆனால் அதைப் பற்றிக்கூட நினைக்கத் தோன்றவில்லை. எனக்குள் ஏதோ அசைந்தது. என்ன என்று பார்த்தால், சந்தோஷம். ஒரு சின்னப்பெண் பயந்து நடுங்குகிறாள், எனக்கு சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் அதிகம்.

"வேணாம்னா விட்டுடு," என்றேன். "அங்கிள்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"கோவிச்சுக்க மாட்டாரா?"

"போடி. வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு."

சாயங்காலம் என் கணவர் குழாயடியில் நின்று சோப்புத்தூள் போட்டுக் கைக் கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இடிந்துபோய்விடுவார் என்று எனக்குத் தெரியும். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அந்தப் பொண்ணு பறக்கப் போறதில்லையாம். பயமா இருக்காம். நான் விட்டுடுன்னு சொல்லிட்டேன்."

அவர் கை நின்றது. சோப்பு நுரையோடு அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். "அப்பாடா," என்றார். பிறகு தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னங்க இது? ஓவர்டைம்னு சொல்லிட்டு அங்கதான் போய் நின்னீங்களா?"

"நிக்காம? ஒவ்வொண்ணும் மேல கெளம்புறப்ப என் உசுரு என்கிட்ட இல்ல. கீழ வந்து நின்னாத்தான் எனக்கு மூச்சு வரும். அஞ்சு வருஷமா இந்தப் பொழப்புதான்."

"அப்புறம் எதுக்கு இந்தக் கருமத்தை நடத்துறீங்க?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ ஆசைப்பட்டியே."

"நானா?"

"செயலாளர் வந்து கேட்டப்ப நீதானே தலையாட்டின? சோறு தண்ணி இல்லாம சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தவ, இதுக்காவது அசைஞ்சாளேன்னுதான் நான் ஒத்துக்கிட்டேன்."

அந்த நாட்களில் நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஜன்னலைச் சாத்தட்டுமா என்றாலும், யாரோ வந்திருக்கிறார்கள் என்றாலும் ஒரே ஆட்டல்தான். செயலாளர் கேட்டதும் இவர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை வைத்து இது இவருடைய ஆசை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, இரண்டு பேரும். வேறு யார் வீட்டிலாவது நடந்திருந்தால் விழுந்து விழுந்து சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அவரோடு சேர்ந்து அழவும் வரவில்லை. குழாயில் தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. போய் மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். இதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று செயலாளரிடம் சொன்னோம். அவர் தலையைச் சொறிந்தார். கொட்டாவி விலகிக்கொண்ட இடத்தை, பட்டியலில் அடுத்து இருந்த பையனுக்குக் கொடுத்தாகிவிட்டதாம். இன்றைக்குத்தான் அவனுக்கு முதல் வகுப்பு, கிளம்பிவிட்டானாம். ஏறின பிள்ளையை எப்படி இறக்கிவிடுவது? இந்தப் பையன் முடிக்கட்டும், அதோடு சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

வேலியருகில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஏதோ மருத்துவமனையின் துப்புரவுச் சீருடை, வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள். ஃபோனை வானத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பல்.

"அந்தா தெரியுதே, எம் பையன்," என்றாள். "மொத நாளு. நமக்கெல்லாம் கட்டுப்படியாகுமா? யாரோ புண்ணியவாங்க குடுக்கிற பணம். அவங்க குடும்பம் நல்லா இருக்கணும்."

என் கணவர் தரையைப் பார்த்தார்.

"உங்க பிள்ளையும் இங்கதான் கத்துக்குதா?"

யாராவது இப்படிக் கேட்டால் எங்களுக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லித் தப்பித்துவிடுவது என் வழக்கம்.

"கத்துக்கிட்டான்," என்றேன். "எறங்குறப்ப விழுந்துட்டான். செத்துப்போயிட்டான்."

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்து என் காதிலேயே விழுந்தது. ஒரு தாயிடம், அவள் பிள்ளை மேலே இருக்கிற நேரத்தில் சொல்லக் கூடாத சொல்தான். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அவள் ஃபோனை இறக்கினாள். அண்ணாந்து பார்த்தாள். விமானம் தூரத்தில் வளைந்து இறங்குவதற்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் பார்வையை எடுக்காமலே கையை நீட்டித் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பக்கம் என் கணவர் வேலிக் கம்பியைப் பிடித்திருந்தார். விமானம் தாழத் தாழ அவள் நகம் என் தோலில் இறங்கியது.

வலித்தது. நன்றாகவே வலித்தது.

"இன்னும் அழுத்திப் புடிச்சுக்குங்க," என்றேன்.