ஐந்தாவது படி

நான்காவது தடவையாக எண்ணினேன். இந்த வாரம் வந்த போட்டோவில் ஐந்து படிதான்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய போட்டோவில் நான்கு. அதே குடிசை, அதே நீலக் கதவு, ஆறு மரக்கால்கள்மேல் நிற்கிறது. முன்னால் நாங்கள் ஊன்றச் சொன்ன இரும்புக் கம்பம். அதன் சிவப்புக் கோடு அன்றும் தரையை ஒட்டி இருந்தது, இன்றும் அப்படியே. அதாவது நிலம் இறங்கவில்லை. ரிப்போர்ட் அப்படித்தான் சொல்கிறது. மதியம் பன்னிரண்டுக்குள் அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த இடம் போர்னியோவில். நான் அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில், ஏசி குளிரில். காடும் சதுப்பும் கார்பனைப் பிடித்து வைத்திருக்கின்றனவா என்று சரிபார்ப்பது எங்கள் வேலை. அங்கே இருப்பது பீட் நிலம்: ஆயிரக்கணக்கான வருஷத்து மரமும் இலையும் மக்காமல் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் கறுப்பு மண். தண்ணீர் வடிந்தால் காற்று புகும். மண் மக்கிக் கார்பன் டை ஆக்சைடாக மேலே போகும், தரை கீழே போகும். காய்ந்துவிட்டால் மண்ணே எரியும்.

இறங்காத தரைக்கு எதற்கு இன்னொரு படி?

யூஸ்ரானுக்குப் போன் செய்தேன். மனைவியோடும் ஆறு வயது மகளோடும் அந்தக் குடிசையில் இருந்து வாராவாரம் அளவெடுத்து அனுப்புபவர். நானும் அவரும் பேசிக்கொள்வது அரைகுறை இங்கிலீஷில்.

"படி எதுக்குக் கூட்டுனீங்க?"

"மகளுக்குக் கால் எட்டல மிஸ். தரை கீழ போயிருச்சு."

"கம்பம்?"

"அதுவும் கூடவே போகுது." சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. "ரெண்டு நாளா தரை சுடுது மிஸ். தீ ஒண்ணும் தெரியல. மண்ணுக்குள்ளேர்ந்து புகை மட்டும் வருது."

"உடனே வெளிய போங்க!"

"கம்பெனி சொல்லாம எப்படிப் போறது? வேலை போயிரும். உங்க நோட்டீஸ் வந்தாதான் படகு அனுப்புவாங்க."

என் அம்மா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். தெரிகிற தீயைக் கண்டு எனக்குப் பயமில்லை. இது தெரியாத தீ.

பழைய மெயிலைத் தேடினேன். கம்பத்தின் அடி, பீட்டைத் தாண்டி, கீழே இருக்கும் களிமண்ணில் நிற்க வேண்டும். குடிசையின் கால்கள் அப்படித்தான் நிற்கின்றன. "ஆழம் பார்க்கும் கம்பி நாலு மீட்டரில் முட்டுகிறது, களிமண்தானா?" என்று அங்கிருந்து கேட்டிருந்தார்கள். "ஆமாம், ஊன்றுங்கள்" என்று பதில் போயிருந்தது. கீழே என் பெயர்.

பீட்டுக்குள் பழைய மரங்கள் புதைந்து கிடக்கும். கம்பி கட்டையில் முட்டினாலும் களிமண்ணில் முட்டினாலும் மேலே பிடித்திருப்பவன் கைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பக்கத்தில் இன்னும் நாலு இடத்தில் குத்திப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கு அது தெரியாது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவள் நான். தெரியாது என்று வாயைத் திறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்திலேயே படித்தவள். அந்தப் பயம்தான் "ஆமாம்" என்று எழுதியது.

மேனேஜர் சாந்தகுமாரின் அறைக்கு லேப்டாப்போடு போனேன்.

"சார், கம்பம் கட்டை மேல நிக்குது. மண்ணோட சேர்ந்து இறங்குது. சிவப்பு நோட்டீஸ் போடணும்."

"சார் வேணாம், ஷான்னு கூப்பிடுன்னு எத்தன வாட்டி சொல்றது?" படத்தைப் பார்த்தார். "படியெல்லாம் எவிடன்ஸ் இல்லம்மா."

"கீழ மண்ணு எரியுது. அங்க குழந்தை இருக்கு."

கதவைச் சாத்தினார். "நோட்டீஸ் போட்டா மூணு வருஷ ரிப்போர்ட்டும் கேன்சல். யார் அப்ரூவ் பண்ணதுன்னு தோண்டுவாங்க. யார் பேரு வரும்?"

"என் பேருதான்."

"வேலை போச்சுன்னா விசா அறுபது நாள்தான். அப்புறம் ஃப்ளைட் ஏறணும். ஊருக்குப் போய் தீப்பெட்டி ஒட்டப் போறியா?"

"எங்கம்மா ஒட்டுனாங்க சார். ஆள் இருக்கிற வீட்டை எரிய விடல."

அவர் முகம் சுருங்கியது. உடனே குரலை இறக்கினார். "அடுத்த ரவுண்ட்ல மெதுவா கரெக்ட் பண்ணிக்கலாம் செல்வி. இப்ப சைன் பண்ணு. சண்டே வீட்டுக்கு வா, என் வைஃப் ரெபெக்கா மீன்குழம்பு வைக்கிறா."

இடத்துக்குத் திரும்பினேன். பதினொன்றே கால். உண்மையைச் சொல்கிறேன், மவுஸ் கையெழுத்துப் பெட்டிமேல்தான் நின்றது. அறுபது நாள், அறுபது நாள் என்று தலைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா ஊரெல்லாம் என் படத்தைக் காட்டித் திரிகிறார்.

போன் அதிர்ந்தது. யூஸ்ரான் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அங்கே இரவு; டார்ச் வெளிச்சத்தில் ஐந்தாவது படி. அதன் அடியிலிருந்து புகை. மேல்படியில் ஒரு சின்னச் செருப்பு, ரோஸ் நிறம்.

சிவப்பு நோட்டீஸைத் திறந்தேன். 'கம்பம் களிமண்ணில் இல்லை. நிலம் ஒரு படி அளவு இறங்கிவிட்டது. அடியில் தீ. உடனே ஆட்களை வெளியேற்றவும். தவறாக ஒப்புதல் கொடுத்தவர்: தாமரைச்செல்வி.' இரண்டாவது முறை வாசித்தால் அனுப்ப மாட்டேன் என்று தெரியும். வாசிக்காமல் அனுப்பினேன்.

பிறகு யூஸ்ரானுக்கு: "நோட்டீஸ் போட்டாச்சு. படகு வரும். பலகைப் பாதையை விட்டு இறங்காதீங்க, மண்ணு உள்வாங்கும். பாப்பாவைத் தூக்கிக்கோங்க. தரையில விடாதீங்க."

ஒரு டிக். செய்தி இன்னும் அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை.

மீண்டும் கூப்பிட்டேன். மணி அடிக்கவே இல்லை. பதினொன்று நாற்பது. பதினொன்று ஐம்பத்திரண்டு. ஒரே டிக்.

பின்னால் கதவு படாரென்று திறந்தது. "தாமரைச்செல்வி!" ஷான் முழுப்பெயரைச் சொல்லி அழைத்தது அன்றுதான் முதல்முறை.

நான் திரும்பவில்லை. அந்த ஒற்றை டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.