மூன்று மாசம் வரை மூச்சு விடாதே

சாலமனுக்கு வாய் நமநமவென்று அரித்தது. மனைவி ஏஞ்சல் மாசமாக இருக்கிறாள், ஒன்பது வாரம். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றால் மனுஷன் என்னதான் செய்வான்? ஏ.சி. மெக்கானிக், நாளுக்கு நாலு வீடு ஏறி இறங்குகிறவன். ஒவ்வொரு வீட்டிலும் தொண்டை வரை வந்த சேதியை, அவர்கள் கொடுத்த காபியோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தான்.

சொல்லக் கூடாது என்றது ஏஞ்சல்தான். கலியாணமாகி ஆறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒன்று தங்கியது. சாலமன் சந்தோஷத்தில் செம்பாக்கத்துத் தெரு முழுக்கக் கேக் கொடுத்தான். ஏழாவது வாரமே கலைந்துவிட்டது. விசாரிக்க வருகிற முகங்களுக்குப் பயந்து அவள் ஒரு மாதம் மாடியை விட்டு இறங்கவில்லை. அதனால் இந்தத் தடவை மூன்று மாசம் முடிகிற வரை மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஆனால் வாந்தி அவளைப் போட்டுப் பிழிந்தது. கஞ்சிகூடத் தங்கவில்லை. டாக்டரிடம் போக இன்னும் நாலு நாள் இருந்தது. இங்கிலீஷ் மருந்து பிள்ளைக்குச் சூடு என்று தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு, சாலமன் காலையிலேயே பம்மலில் கிபாயத்துல்லா பாயின் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடினான். பாய் விவரமான ஆள். வீட்டில் விசேஷம் ஏதாவது உண்டா என்று நேராகவே கேட்டார். இந்தக் கல்லுளிமங்கன், அதெல்லாம் ஒன்றுமில்லை, சாப்பிட்டது சேரவில்லை, அவ்வளவுதான் என்று சாதித்துவிட்டான். பாயும் நம்பி ஒரு சூரணத்தை மடித்துக் கொடுத்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வெந்நீரில் கலந்து குடிக்க வேண்டும். பொட்டலத்தை ஏஞ்சலிடம் கொடுத்துவிட்டு, பெரிய காரியம் முடித்தவனாக வேலைக்குப் போனான்.

அன்றைக்குக் கடைசி வேலை பம்மலிலேயே அமைந்தது. முடிக்கும்போது மணி நாலரை. கடை வழியாகப் போனவனைப் பாய் டீ குடிக்கக் கூப்பிட்டார். பாதி டீயில் சாலமனுக்குக் கட்டு அறுந்துபோனது.

"பாய், ஏஞ்சல் மாசமா கீது. யார்கிட்டயும் சொல்லிடாத."

பாய் சிரிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்தார்.

"காலைல கேட்டேனே, இல்லன்னியே. அது வயித்த அடிச்சிக் கழுவுற பேதி மருந்து. புள்ளத்தாச்சிக்கு ஆகாது."

"நாட்டு மருந்துதானே பாய், இன்னா பண்ணும்?"

"நாட்டு மருந்தும் மருந்துதான்டா. மொதல்ல போன் போடு."

போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டான். மூன்றாவது தடவை போடும்போது வண்டியில் ஏறியிருந்தான். பல்லாவரத்தில் லாரி, குரோம்பேட்டையில் சிக்னல், அஸ்தினாபுரத்தில் தோண்டிப் போட்ட ரோடு. தெரிந்த ஜெபத்தையெல்லாம் பாதிப் பாதியாகச் சொல்லிக்கொண்டு பறந்தான். தெருமுனையில் திரும்பும்போது மணி ஐந்து.

போனை உள்ளே போட்டுவிட்டு, ஏஞ்சல் மாடி பால்கனியில் காற்றுக்காக நின்றிருந்தாள். கையில் ஆவி பறக்கிற டம்ளர். வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. சாலமன் பால்கனிக்கு நேர் கீழே வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்துக் கத்தினான்.

"ஏஞ்சல், குடிக்காத! மாசமா கீறவங்க அத குடிக்கக் கூடாதாம்!"

தெரு அப்படியே நின்றது. ஜன்னல்கள் திறந்தன. ஏஞ்சல் டம்ளரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அப்புறம் டம்ளரை அப்படியே கவிழ்த்தாள். சூரணத் தண்ணீர் அவன் வண்டி சீட்டில் வழிந்தது. அதை அவன் துடைக்கக்கூட இல்லை. குடிக்கவில்லை, அவள் குடிக்கவில்லை என்று மனசு குதித்தது.

எதிர் வீட்டு ரத்தினபாய் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எத்தினி மாசம்டி?"

சாலமன் தலையைக் குனிந்துகொண்டான். சத்தியமும் போச்சு. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், மறுபடி ஒரு மாதம் இறங்க மாட்டாள் என்று நினைத்தான்.

ஏஞ்சல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். குரல் நடுங்கியது, ஆனால் தெருவுக்கே கேட்டது.

"ரெண்டு முடிஞ்சிடுச்சிக்கா. வாந்தி தாங்கல, இப்பவே டாக்டர்கிட்ட போறேன். நீங்களும் கூட வரீங்களா?"