இடது பக்க நாற்காலிகள்

மூன்றாவது இழுப்பறையையும் உருவித் தரையில் கவிழ்த்தாள். மின்கட்டண ரசீதுகள், கண்ணாடிக் கூடுகள், மை காய்ந்த பேனாக்கள், பிரிக்காத ஒரு ஜோடி ஷூ லேஸ். போட்டோ மட்டும் இல்லை.

மணி ஒன்பதே முக்கால்.

அப்பாவை எடுத்துப்போக நாலு மணிக்கு வண்டி வரும். ஸ்டூடியோக்காரர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். “ரெண்டு மணிக்குள்ள படம் என் கைக்கு வந்துச்சுன்னா ஃபிரேம் போட்டுக் கொடுத்துடுவேன்க்கா. அதுக்கு மேல ஆனா என்னைக் கேக்காதீங்க.”

“கிடைச்சுதா?”

அறைவாசலில் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. அடுத்த தெருவில்தான் வீடு. நேற்றுக் காலை கதவைத் தட்டிப் பார்த்து, திறக்காததால், மாற்றுச் சாவி போட்டு உள்ளே வந்தவளும் அவள்தான். அப்பா தூக்கத்திலேயே போயிருந்தார்.

“இல்ல அத்தை.”

“நல்லா இருக்கும்மா. ஊர்ல உள்ளவன் போட்டோவையெல்லாம் சரி பார்க்கிறது உன் உத்தியோகம். பெத்த அப்பன் போட்டோ ஒண்ணு இல்லைன்னா கேக்குறவன் வாயால சிரிக்க மாட்டான்.”

பாஸ்போர்ட் அலுவலகத்தில் இரண்டாம் மேசை அவளுடையது. நாளைக்கு இருநூறு முகங்கள். இரண்டு காதும் தெரிய வேண்டும், முகத்தில் நிழல் விழக்கூடாது, பல் தெரியச் சிரிக்கக் கூடாது. பதினைந்து வருடமாக இதே வேலை. அவள் கைபேசியில் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் கிடந்தன. அதில் அப்பா ஒன்றில்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் இருவரும் குரலோடு சரி.

“அடையாள அட்டை இருந்துச்சே?”

“ஸ்டூடியோவுக்கு அனுப்பிட்டேன். பெருசு பண்ணா புள்ளி புள்ளியா வருதாம்.”

அது மட்டுமல்ல. அந்த அட்டையில் அப்பா லேசாகத் திரும்பியிருந்தார். இடது பாதி முழுக்க இருட்டு. அவள் மேசைக்கு வந்திருந்தால் ‘நிழல்’ என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பாள்.

“உன் கல்யாணப் படம்?”

“ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு ஆறு பேர் போனோம். படத்துல அஞ்சு பேர்தான். எடுத்தது அப்பா.”

அந்தக் கல்யாணம் நாலு வருடம்கூடத் தாங்கவில்லை. படம் மட்டும் தெளிவாக இருந்தது.

அத்தையின் பார்வை கட்டிலுக்கு மேலே போனது. அந்த வீட்டில் சுவரில் தொங்கிய ஒரே படம். கறுப்பு அங்கியில் இவள், கூட ஐந்து தோழிகள். பட்டமளிப்பு நாள். பின்னால் பல்கலைக்கழக ஓவிய மியூசியத்தின் தூண்களும் படிகளும். கீழ் ஓரத்தில் யாருடைய நிழலோ நீளமாகக் கிடந்தது.

“இதுலயாவது அண்ணன் நின்னிருக்கலாம். அவர் காவல் காத்த வாசல்தானே இது?”

“அப்பாவுக்குப் போட்டோன்னாலே பிடிக்காது அத்தை.”

“யாரு சொன்னது? என் நாத்தனார் கல்யாணத்துல, மூஞ்சி வெந்து ரெண்டு வருஷம்கூட ஆகல, முதல் வரிசையில போய் நின்னவர் அவரு. போட்டோக்காரன் நகருங்கன்னான். நீ நகருடான்னாரு.”

“அந்த ஆல்பம் எங்க?”

“வெள்ளத்துல போச்சு.”

கூடத்தில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் அப்பாவின் வலது கன்னம். காகித ஆலைக் கொதிகலன் தின்ற இடது கன்னம் சுவரைப் பார்த்து இருந்தது. நேற்று மாலை வந்து இறங்கியதும் அவள் செய்த முதல் காரியம் அதுதான். ‘தலையை இந்தப் பக்கம் வைங்க’ என்று பெட்டியைத் திருப்பச் சொன்னாள். தழும்பு தெரிவது அப்பாவுக்குப் பிடிக்காது என்று ஆட்களிடமும் சொன்னாள்.

“மியூசியத்துக்குப் போய்ட்டு வரேன். இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்திருக்காரு. ஃபைல்ல ஒண்ணு இல்லாமலா போகும்?”

“சனிக்கிழமை எவன் ஆபீஸைத் திறப்பான்?”

அதற்குள் அவள் தெருவில் இருந்தாள்.

*

டாக்ஸி பல்கலைக்கழக வாசலைத் தொட்டபோது பத்தரை. படிகளைப் பார்க்காமல் ஏறினாள்.

கதவருகே இடுப்பில் சாவிக்கொத்து தொங்க ஒரு காவலர். அவளை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க… ரெண்டாம் மேசைதானே?”

“என்னைத் தெரியுமா?”

“தெரியாம? அண்ணன் வாயில வேற பேச்சு ஏது?” அவர் தொப்பியைக் கழற்றினார். “நாலு மணிக்கு நாங்க வந்துடுவோம்மா.”

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். “ஆபீஸ் பூட்டு. திறந்தாலும் ஆகாது. காவலாளிங்க பேட்ஜ்ல நம்பர்தான், முகம் கிடையாது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. மேல மூணாம் கூடத்துக்குப் போங்க. எல்லாரும் வந்திருக்காங்க.”

“யாரு?”

“சனிக்கிழமைக்காரங்க.”

அவளுக்குப் புரியவில்லை. ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் சனிக்கிழமை காலையில் அப்பா போனை எடுக்கமாட்டார். ஞாயிறு கேட்டால் ஒரே பதில்தான். ‘சும்மா உக்காந்திருந்தேன்மா.’ பழைய இடத்தை விடமுடியாமல் ஏதோ மூலையில் பொழுதைக் கழிக்கிறார் என்று நினைத்திருந்தாள். நினைத்தாள், அவ்வளவுதான். என்ன மூலை என்று கேட்கவில்லை.

மூன்றாம் கூடத்துக் கதவைத் தள்ளினாள்.

இருபது பேர் இருக்கும். வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பலகை, கையில் பென்சில். நடுவில் முழங்கால் உயர மேடை. அதன்மேல் ஒரு மர நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை.

அத்தனை பேரும் அதைத்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். பென்சில் உரசும் சத்தம் மட்டும்.

வெள்ளைத் தலைமுடியைக் கிராப்பாக வெட்டிய ஒரு பெண் எழுந்து வந்தாள். ஓவிய டீச்சர். இவள் யார் என்று அவளுக்குச் சொல்லத் தேவைப்படவில்லை.

“மூக்கு அப்படியே இருக்கு,” என்றாள் மெதுவாக. “காலையில வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்குப் போங்கன்னேன். ஒருத்தரும் எழுந்திருக்கல. இன்னிக்கு இதை வரையறோம்னுட்டாங்க.”

“அப்பா இங்க…?”

“உங்களுக்குத் தெரியாதா?” டீச்சர் மேடையைக் காட்டினாள். “வாரம் பூரா இந்த இடம் பிள்ளைங்களுக்கு. ஓவியம் படிக்கிறவங்க வருவாங்க. டாக்டருக்குப் படிக்கிறவங்களும் வியாழக்கிழமை வந்து, நோயாளியை உத்துப் பார்க்கிறது எப்படின்னு படத்தை வெச்சுக் கத்துக்குவாங்க. சனிக்கிழமை மட்டும் ஊருக்கு. யார் வேணா வரலாம். பலகையும் பென்சிலும் வாசல்ல கிடைக்கும். உங்கப்பா ரிட்டயர் ஆன மறு வாரம், உக்கார வேண்டிய ஆள் வரல. நான் உக்காரவான்னு கேட்டாரு. அப்புறம் ஆறு வருஷம் வேற யாரையும் நாங்க தேடல.”

மேடையின் பலகையில் நீலநிற டேப் துண்டுகள் ஒட்டியிருந்தன. நாற்காலியின் நாலு காலுக்கு நாலு. முன்னால் தள்ளி இன்னும் இரண்டு. அவை செருப்பளவு நீளம் இருந்தன.

“மூணு மணி நேரம் அசையமாட்டாரு,” என்றார் பக்கத்தில் இருந்த ஒரு பேக்கரிக்காரர். கை முடியில் மாவு இருந்தது. “என்னண்ணே, கால் மரத்துப் போகலியான்னா, இருபத்திரண்டு வருஷம் நான் படங்களைப் பார்த்து நின்னேன், இப்ப என்னைப் பார்க்க ஆள் இருக்கு, எதுக்குடா அசையணும்பாரு.”

யாரோ லேசாகச் சிரித்தார்கள். பிறகு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“எனக்கு ஒரு படம் வேணும்,” என்றாள். “ரெண்டு மணிக்குள்ள. அப்பா முகம் தெரியற மாதிரி.”

டீச்சர் சுவரோரத் தட்டை அலமாரியின் இழுப்பறையை இழுத்தாள். வருடக் கடைசியில் ஆளுக்கு ஒரு படம் மியூசியத்துக்குக் கொடுப்பது சனிக்கிழமைக்காரர்களின் வழக்கம். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். அப்பா. அப்பா. குளிர்காலச் சட்டையில் அப்பா. தூக்கம் சொக்கும் அப்பா. காது பெரிதாகிப்போன அப்பா. முடி கொட்டக் கொட்ட ஆறு வருடமும் அந்த இழுப்பறைக்குள் இருந்தது. நூற்றுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின் மூலையிலும் மியூசிய முத்திரை.

“ஆனா இதுல எதையும் நான் வெளியே கொடுக்கவோ போன்ல எடுக்க விடவோ முடியாது,” என்றாள் டீச்சர். “பதிவேறிடுச்சு. டைரக்டர் கையெழுத்து வேணும், அவர் திங்கட்கிழமைதான் வருவாரு.”

“அப்ப?”

“போன வாரத்துப் படங்க இருக்கு. பாதியில நிக்குது. இன்னிக்கு முடிக்க வேண்டியது.”

இரண்டு பேர் எழுந்தார்கள். பேக்கரிக்காரர் தன்னுடையதை நீட்டினார். வலது பக்கத்திலிருந்து வரைந்தது. கம்பீரமான மூக்கு, சுருக்கம் விழுந்த கண், ஒழுங்கான தாடை. காலர் மட்டும் பாக்கி. எந்த ஃபிரேமிலும் நிற்கும். இன்னொன்று, கூட எழுந்த ஒரு தபால்காரியுடையது. இடது பக்கம். கன்னத்திலிருந்து கழுத்துவரை இறங்கும் தழும்பை அவள் மடிப்பு மடிப்பாக, அவசரப்படாமல் வரைந்திருந்தாள். மற்றதெல்லாம் வெறும் கோடு. தலையின் பின்பக்கம் காகிதத்தில் இன்னும் வரவே இல்லை.

“மன்னிச்சுக்கோங்க,” என்றாள் தபால்காரி. “அந்த ஒரு இடத்துலயே மூணு மணி நேரம் போயிடுச்சு. மிச்சத்தை இன்னிக்கு முடிச்சுக்கலாம்னு விட்டேன்.”

“இடது பக்க நாற்காலிங்களுக்குத்தான் இங்க அடிதடி,” என்றாள் டீச்சர். “ஒன்பது மணிக்கே வந்து துண்டு போடுவாங்க. அந்தப் பக்கம் அவ்வளவு இருக்கு வரைய. உங்கப்பாவும் வம்பு பண்ணுவாரு. வலது பக்கம் உக்காந்தவங்க பாவம், வெறும் மனுஷனைத்தான் வரையணும்பாரு.”

அவள் இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடிப் பெட்டியும், சுவரைப் பார்த்த கன்னமும் நினைவில் வந்தன.

வலது கையில் இருந்ததைத் திருப்பிக் கொடுத்தாள்.

தபால்காரி படத்தைச் சுருட்டி, தன் தலைமுடியிலிருந்த ரப்பர் வளையத்தை உருவி மாட்டிக் கொடுத்தாள்.

கதவுவரை வந்த டீச்சர் தயங்கினாள். “தப்பா நினைக்காதீங்க. வீட்டுல ஒரு போட்டோகூடவா இல்ல?”

“அப்பாவுக்குப் போட்டோ பிடிக்காது.” பழக்கத்தில் வந்துவிட்டது.

“அப்படியா?” டீச்சரின் நெற்றி சுருங்கியது. “எங்ககிட்ட வேற மாதிரி சொல்லுவாரே. நான் எடுத்தா படம் அசங்காது, அதனாலதான் என் பொண்ணு கேமராவை என் கையிலதான் கொடுப்பான்னு. எத்தனை தடவை சொல்லியிருக்காரு தெரியுமா?”

அவள் தலையசைத்தாள். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

*

வெளியே வந்து தூண்களுக்கு அடியில் நின்று ஸ்டூடியோவுக்குப் போன் செய்தாள்.

“படம் கிடைச்சிருச்சு. பென்சில்ல வரைஞ்சது. பாதிதான் இருக்கு.”

“பாதியா? முகம் நேரா இருக்காக்கா?”

“இடது பக்கம்.”

“அந்தப் பக்கம் தழும்பு இருக்கும்ல? கம்ப்யூட்டர்ல கொஞ்சம் எடுத்து விட்டுடவா?”

“கை வைக்காதீங்க.”

அடுத்து அத்தைக்கு. “அத்தை, ஆளுங்க இருந்தா பெட்டியைத் திருப்பி வைக்கச் சொல்லுங்க.”

“எதுக்குடி இப்ப?”

“வரவங்க அந்தப் பக்கம் பார்க்கட்டும்.”

போனை வைத்தாள். வந்ததிலிருந்து பார்க்காமல் இருந்த படிகளை அப்போதுதான் பார்த்தாள்.

பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்த கையோடு இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா ஓடி வந்தார். காவலர் சீருடை. தண்ணீர் தொட்டு வாரிய தலை. ஆறு பெண்களும் கறுப்பு அங்கியோடு வரிசையில் நின்றிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. அவர் பாட்டுக்கு வந்து, மகளுக்குப் பக்கத்தில், கன்னத்தைத் திருப்பாமல், நேராக நின்றார்.

கேமரா வைத்திருந்த பையன் ரெடியா என்றான். ஒரு தோழி அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே குனிந்துகொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

மகள் வரிசையை விட்டு இறங்கிப் போனாள். பையனிடமிருந்து கேமராவை வாங்கி வந்து அப்பாவின் கையில் வைத்தாள்.

“நீங்க எடுங்கப்பா.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். படிகளில் இறங்கி, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, ஒரு கண்ணை மூடினார்.

“நெருங்கி நில்லுங்கம்மா,” என்றார். “நடுவுல ஒரு ஆள் இடம் தெரியுது.”