காகிதத்தில் இருந்த வார்த்தை

நரசராவுபேட்டையில் ஒரு நர்ஸிங் ஹோமில் பதினெட்டு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். யாரையும் எளிதில் நம்பமாட்டேன். நோயாளியோடு வரும் நாத்தனார்களை அறவே நம்புவதில்லை.

ஸ்ரவந்திக்கு மூன்றாம் மாதம். ஸ்கேனில் குழந்தையின் துடிப்பு இல்லை. மருந்து கொடுத்து, முந்தாநாள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை பெற்றவர்கள் பக்கத்தில் படுக்கவைத்தால் தாங்கமாட்டாளென்று கடைசி அறைக்கு மாற்றினேன். இரத்தப்போக்கு எவ்வளவு என்று அடிக்கடி பார்த்தேன். அழுதபோது அழவிட்டேன். "அடுத்த வருஷமே வந்துரும், விடு" என்று ஆறுதல் சொல்ல வந்த ஆயாவை வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

அவளுடைய நாத்தனார் அனசூயாவைத்தான் அனுப்ப முடியவில்லை. புருஷன் வீட்டை விட்டு வந்து பத்து வருஷமாகத் தம்பி வீட்டில் இருப்பவள். வேளைக்கொரு தூக்கு ராகிக் கஞ்சியோடு வந்து நிற்பாள். நான் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன்.

"விஷமா கலந்திருக்கேன், சிஸ்டரம்மா?"

"யாரு கண்டா? நீயே ஒரு வாய் குடிச்சுக் காட்டு."

குடித்துக் காட்டினாள். அப்போதும் அவள் கண் கேஸ் ஷீட் மேலேயே இருந்தது. "வீட்டுக்குப் போறப்ப காகிதத்தை யாரு கையில குடுப்பீங்க?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டாள். தம்பி பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு விரட்ட இவள் ஏதோ வழி தேடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?

இன்று காலை டிஸ்சார்ஜ் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மாத்திரை எடுக்கத் திரும்பினேன். திரும்பி வந்தால் காகிதம் இல்லை. அனசூயா படியிறங்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"எடு வெளியே."

முந்தானைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தாள்.

"இதைக் கோட்டி கையில குடுக்காதீங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கோட்டி என்கிற கோட்டேஸ்வர ராவ்தான் தம்பி, ஸ்ரவந்தியின் புருஷன். பஞ்சு மில்லில் சூப்பர்வைசர்.

"புருஷன்கிட்ட எதை மறைக்கச் சொல்றே?"

காகிதத்தைப் பிரித்து ஓரிடத்தில் விரல் வைத்தாள். "எனக்கு இங்கிலீஷ் வராது. இந்த வார்த்தை மட்டும் தெரியும். எனக்கும் ரெண்டு தங்கல. ரெண்டாவதோட காகிதத்துல இதுதான் இருந்துச்சு. நீயே கலைச்சுட்டு நாடகம் ஆடறியான்னு அந்தாளு துரத்திட்டான்."

விரலுக்குக் கீழே 'மிஸ்டு அபார்ஷன்' என்று இருந்தது. கலைத்தாலும் கரு தானாக நின்றுபோனாலும் டாக்டர்கள் எழுதுவது அபார்ஷன் என்றுதான். எத்தனை பேர் கையில் ஒரு விளக்கமும் சொல்லாமல் இதைத் திணித்திருக்கிறேன்! எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் கோட்டி படியேறி வந்துவிட்டான். காகிதத்தை வாங்கிப் படித்தான். முகம் கறுத்தது.

"மிஸ்டு அபார்ஷனா? அப்ப ஒரு தடவை கலைக்கப் பார்த்து, அது தப்பிப்போச்சா?" ஸ்ரவந்தியின் அறைப் பக்கம் நகர்ந்தான்.

நான் குறுக்கே நின்றேன். "முதல்ல உக்காருங்க. குழந்தையோட துடிப்பு தானா நின்னு போச்சு. அது உடனே அவ உடம்புக்குத் தெரியல. அதைத்தான் மிஸ்டுன்னு எழுதறாங்க. கலைச்சாலும் அபார்ஷன், தானா போனாலும் அபார்ஷன், டாக்டருங்களுக்கு ஒரே பேரு. உங்க பொண்டாட்டி ஒண்ணும் செய்யல. சந்தேகமிருந்தா டாக்டரம்மாவைக் கூப்பிடறேன், கேட்டுக்குங்க."

"வேணாம்" என்றான். பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி படித்தான். பிறகு தலை தூக்கி, அறையைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தான்.

"அக்கா... அன்னிக்கு உன் புருஷன் உன் காகிதத்தை நம்ம வீட்டுக்குக் கொண்டாந்தப்ப..."

அனசூயா அவன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"நான்தானே படிச்சு அர்த்தம் சொன்னேன்?"

"ஆமாடா" என்றாள் அவள். "அதனாலதான் இதை எடுத்து ஒளிச்சேன்."