கேமரா நிற்கும் பக்கம்

...இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், இல்லை, அதிகமாகிவிட்டது, சிங்கக்கால் நாற்காலி திரைச்சீலையை உரசக் கூடாது, உரசினால் வெல்வெட்டின் கிழிசல் தெரியும், தெரிந்தால்தான் என்ன, பழசு என்றால் கிழியத்தானே செய்யும்... மூன்று மணி பத்து. நாலு மணிக்கு மகள் வருகிறாள். மணியைக் கைபேசியில்தான் பார்க்க வேண்டும், சுவரில் தொங்கும் கடிகாரத்துக்குப் பழைய சாமான் கடையில் எடுக்கும்போதே உள்ளே ஒன்றும் கிடையாது, இரண்டு முள்ளும் பன்னிரண்டில் நிற்கின்றன, பேய்ப்படத்தில் கடிகாரம் வேறு எங்கே நிற்கும்? இருபத்திரண்டு வருஷமாகப் பேய் பங்களா செட்டுகளை அலங்கரிக்கிறவள் நான், நேற்று வாங்கிய துணியைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து நூறு வருஷப் பழசாக்குவேன், பசையை இழுத்து இழுத்தே சிலந்திவலை பின்னுவேன், கட்டிய குடும்பத்தைக் கட்டிக்காக்கத்தான் தெரியவில்லை. "நீ வீட்ல இருக்கும்போதும் வெளிய நின்னு பாக்குற மாதிரியே இருக்க" என்று மகளின் அப்பா பிரிவதற்கு முன் சொன்னபோது, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, அவருக்குப் பின்னால் விளக்கு கோணலாக இருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் அவர் கவனித்துவிட்டார்.

போன வாரம் ஃபோனில் மகள் எவ்வளவு பக்குவமாகப் பேசினாள், பதின்மூன்று வயதுக்கு அவ்வளவு பக்குவம் ஆகாது. "அப்பா வீடு பழகிடுச்சும்மா. உன் வீட்டையும் வந்து பாக்குறேன். புடிச்சிருந்தா இருக்கேன். இல்லன்னா... கோச்சுக்க மாட்டல்ல?" கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றேன். செத்துப்போவேன் என்று குழந்தையிடம் சொல்ல முடியுமா? அவளுக்குப் பேய்ப்படம் என்றால் உயிர், ஒரே போர்வைக்குள் நாங்கள் இருவரும் பார்த்தவை எத்தனை, அவள் கண்ணை மூடிக்கொள்ளும்போது, பயப்படாதே, அந்தத் தூண் வெறும் அட்டை என்று காதில் சொல்வேன், உடனே சிரித்துவிடுவாள். அதனால்தான் இந்த வீட்டை இப்படிச் செய்தேன். கரும்பச்சைச் சுவர், ரசம் போன கண்ணாடி, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மூன்று நாற்காலிகள், மெழுகு வழிந்த பித்தளைத் தண்டு, நடுவில் யாரென்றே தெரியாத ஒரு மீசைக்காரரின் படம். செட்டில் என்னோடு வேலை பார்க்கும் தச்சர் வந்துதான் மாட்டிக் கொடுத்தார். "அக்கா, யாரு வீட்டு மாமனாரு இவரு? திடீர்னு இறங்கி வந்துட்டா என்ன பண்ணுவீங்க?" வந்தால் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருப்பேன், வேறு யார் வருகிறார்கள் என்றேன். சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மூன்றரை. வாசற்படியில் போய் நின்று பார்க்கிறேன், நூறாவது தடவை, இங்கேதான் அவள் நிற்பாள், இங்கிருந்துதான் பார்ப்பாள்... அழகாகத்தான் இருக்கிறது, ஐயோ, என்ன அழகு, எந்தப் படத்துக்கும் இப்படி அமைந்ததில்லை. அப்புறம் ஏன் கை இன்னும் எதையாவது நகர்த்தத் தேடுகிறது? கால் வலித்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த ஆறு வாரத்தில் இந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சிங்கக்கால் நாற்காலியில், அவளுக்கென்று போட்ட நாற்காலியில், மெதுவாக உட்கார்ந்தேன்.

எதிரே சுவர். வாசல் இருக்கிற சுவர். வெள்ளையாக, சுண்ணாம்பு பெயர்ந்து, பச்சைப் பெயிண்ட் சொட்டு அங்கங்கே தெறித்து, கீழே என் துணிமூட்டைகள், இரண்டு பிளாஸ்டிக் வாளி, மகளுக்காக வாங்கிய மடக்குக் கட்டில் உறைகூடப் பிரிக்காமல் சாத்தியபடி. கட்டில் உள்ளே இருந்தால் பார்வைக்கு இடிக்கிறது என்று நான்தான் தள்ளி வைத்தேன். "அக்கா, அந்தப் பக்கச் சுவருக்கு என்ன கலரு?" என்று தச்சர் கேட்டார், "அது கேமரா நிக்கிற பக்கம், படத்துல வராது, விடுங்க" என்றேன், அவரும் சரி என்று தலையாட்டிவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு தப்பும் தோன்றவில்லை. கழுதை கெட்டால் குட்டிச்சுவர், நான் கெட்டதும் ஒரு சுவரில்தான். இந்த அறையில் உட்காருகிறவள், சாப்பிடுகிறவள், பாடம் படிக்கிறவள் பார்க்கப்போவது இந்தச் சுவரைத்தான், வாசலில் நிற்கிறவளுக்கு மட்டும்தான் அந்த அழகெல்லாம்.

ஆறு வயதில் ஒருமுறை அவளைச் செட்டுக்குக் கூட்டிப்போனேன். பங்களாவின் பெரிய கதவை ஆசையாய்த் திறந்தாள், பின்னால் முட்டுக்கொடுத்த கட்டைகள், ஒயர், யாரோ குடித்து வைத்த காப்பிக் கோப்பை. அழவில்லை. "இந்த வீட்ல இருக்கறவங்க எங்க தூங்குவாங்கம்மா?" என்று கேட்டாள், நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

கீழே கார் கதவு சாத்தும் சத்தம். மூன்று ஐம்பது, அவள் அப்பா எப்போதும் சீக்கிரம் வருகிறவர். எழுந்து கட்டிலை விரிக்கலாம், எங்கே விரிப்பது, நாற்காலியைத் திருப்பலாம், திருப்பினால் மீசைக்காரர் நேர் எதிரே உட்கார்ந்து முறைப்பார்... படியில் இரண்டு பேர் செருப்புச் சத்தம், ஒன்று தயங்கி நின்று மறுபடி ஏறுகிறது. இந்த ஆறு வாரமும் கதவைத் திறந்ததும் அவள் முகம் எப்படி மாறும் என்று மட்டும்தான் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன், வியப்பு, சிரிப்பு, அம்மா என்று ஒரு கத்தல், அவ்வளவுதான், அதோடு நின்றுவிடும். உள்ளே வந்த பிறகு அவள் என்ன செய்வாள் என்று ஒரு நாள்கூட நினைத்துப் பார்க்கவில்லையே... வாசல் மணி அடிக்கிறது. நான் நாற்காலியில்தான் இருக்கிறேன்.